சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. என்னை நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர்" என்று கூப்பிடுபவர்களைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆன்டிபயாடிக் வாங்குபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நல்ல கேள்விதான். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட உட்காரும்போதே போட்டுக்கொண்டால் வயிற்றைப் புரட்டாது. சில மருந்துகளுக்கு வெறும் வயிறுதான் சரி. ஆனால் இந்த ஒரு கேள்வியோடு கவரை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையே உதாரணமாகப் பாருங்கள். படுக்கப்போகும் நேரத்தில் ஞாபகம் வந்து, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்ட ஒரு இளைஞர் எங்களிடம் திரும்பி வந்தார். நெஞ்சு நடுவில் குத்துகிறது, எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை என்றார். மாரடைப்போ என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் உணவுக்குழாயில் புண். காப்ஸ்யூல் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து, சதையை அரித்திருக்கிறது. அதனால் இந்த மருந்தைக் கொடுக்கும்போது நான் ஆளை லேசில் விடுவதில்லை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். படுக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளவே கூடாது. வெயிலில் அதிகம் நின்றால் தோல் வெந்தது போலச் சிவக்கும் என்பதையும் சொல்லிவிடுவேன்.

அடுத்து நான் கேட்பது: "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லியே."

"பிரஷர் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை?"

"அது தினமும் போடறதுதானே!"

தினமும் போடுவது மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. இரும்புச்சத்து, கால்சியம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மூன்றுமே டாக்சிசைக்ளினையும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் போய்ச் சேர வேண்டிய அளவு சேராது. சிப்ரோஃபிளாக்சசின் என்றால், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். பாலோடு சேர்த்து விழுங்கவும் கூடாது. அது போடும் நாட்களில் குதிகாலின் பின்பக்கத் தசைநார் வலித்தால், நடந்ததால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது அறுந்துபோகும் அபாயம் உண்டு. மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கூடச் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் ஏறி, ரத்தக்கசிவு வரை போகும்.

அலர்ஜி விஷயம் இன்னும் குழப்பம். "பென்சிலின் ஒத்துக்காது" என்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால், வயிற்றுப்போக்கு. அது பக்கவிளைவு, அலர்ஜி இல்லை. உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இழுப்பது, இதெல்லாம்தான் அலர்ஜி. முகம் வீங்கி மூச்சுத் திணறினால் யோசிக்க நேரமில்லை, அடுத்த வேளையைத் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம் பேர் தங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி என்கிறார்கள்; முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது இல்லை. வீண் முத்திரையால் என்ன நஷ்டம் என்றால், எளிய மருந்தே போதுமான இடத்தில் டாக்டர் பெரிய மருந்தைத் தேட வேண்டியிருக்கும். அதற்காக நீங்களே அந்த முத்திரையை அழித்துவிடவும் வேண்டாம். என்ன நடந்தது, மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று சொல்லுங்கள், டாக்டர் முடிவு செய்வார்.

குழந்தைகளுக்கான பவுடர் சிரப்பை என் முன்னாலேயே கலக்கச் சொல்வேன். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கெட்டியான பொடியை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். இந்த இரண்டாவது ஊற்றலைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு 5 மில்லியிலும் மருந்து கூடிப்போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டு, கூடவே வரும் மூடியிலோ ஊசியில்லா சிரிஞ்சிலோ அளக்க வேண்டும். சமையலறை ஸ்பூன் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அமாக்சிசிலின்-கிளாவுலனிக் சிரப் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் இருக்கும், வழக்கமாக 7. அப்புறம் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது நோயைப் பொறுத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் 10 நாள் தருவார்கள், ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தைத் தொடாமல் இருக்க. பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள் போதும் என்பார்கள். சீட்டில் இருப்பதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாதியில் சரியாகிவிட்டது என்று தோன்றினால் போன் போட்டுக் கேளுங்கள். ஒரு வேளை மறந்தால், ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துப் போட வேண்டாம்.

மிஞ்சியதை அடுத்த ஜலதோஷத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. பென்சிலின் உடைப்பது பாக்டீரியாவின் செல் சுவரை. ஜலதோஷத்தைக் கொண்டுவரும் வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. பத்தாத அளவில் போட்டால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 நோபல் உரையிலேயே சொல்லிவிட்டார். நாம் இன்றைக்கும் மிஞ்சிய இரண்டு மாத்திரையை டப்பாவில் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக வயிற்றுப்போக்கு. லேசாகப் போனால் பயமில்லை. தண்ணீராகத் திரும்பத் திரும்பப் போனாலோ ரத்தம் கலந்தாலோ, குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கலாம். மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூட இது வரும். நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாமல் டாக்டரிடம் போங்கள். அவர் முதலில் கேட்பது "சமீபத்துல என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்க?" என்றுதான். வெட்டிக் கொடுத்த மாத்திரைப் பட்டையில் பாதிப் பெயர்தான் இருக்கும் என்பதால், வெட்டும் முன்பே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்தான்.