எருதும் மாடும்

‘எ’ என்ற எழுத்தைக் காட்டினால் என் வகுப்புப் பையன் ஒருவன் ‘மா’ என்பான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆடி மாதம் முழுக்க அப்படித்தான். பலகையில் எழுதிக் காட்டினாலும் ‘மா’தான். மணலில் எழுதச் சொன்னால் எ-வை அழகாகச் சுழித்து இழுத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, தெளிவாக ‘மா’ என்பான். மற்ற எழுத்துகளில் அவ்வளவு தடுமாற்றம் இல்லை. கவனம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். என் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் வகுப்பறைக்குள் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். சுவரில் ஒட்டியிருந்த படத்தாளில் விரல் வைத்து, “இது அ, அணிலு. இது ஆ, ஆடு...” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். எ-விடம் வந்ததும், “இது மா, மாடு” என்றான்.

அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எ, எருது. திமிலோடு ஒரு காளை நின்றுகொண்டிருக்கிறது. அவன் வீட்டில் இரண்டு மாடுகள் உண்டு. அவற்றை அங்கே யாரும் எருது என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. படத்தைப் பார், பெயரைச் சொல், முதல் ஒலியைப் பிடி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் அதைத்தான் செய்திருக்கிறான். ஒரு மாதமாக அவன் சரியாகச் செய்ததையே நான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி எங்களுடையது. தலைமையாசிரியருக்கு நான்கு, ஐந்தாம் வகுப்புகள். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வகுப்பும் ஒரே அறையில். 2008-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, குழந்தைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த முறை அது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், அவற்றை வைக்கும் தட்டுகள் என்று வகுப்பறையே மாறியிருந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் கறுப்பு வண்ணம் அடித்து, குழந்தைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுத ஆளுக்கோர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கீழ்ப்பலகை இன்னும் இருக்கிறது. முறைகள் எத்தனை மாறினாலும் அதை மட்டும் அழிக்க விடமாட்டேன். கொரோனா விடுமுறைக்குப் பிறகு, 2022 ஜூனில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரே அறையில் மூன்று வகுப்பு எடுப்பவளுக்கு அது புது விஷயம் இல்லை. பெயர் அழகாக இருந்தது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அந்தப் பெயர்கள் பிடித்துவிட்டன.

எருது விஷயத்துக்குப் பிறகு சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் குழந்தைகளிடம் காட்டி, “இது என்ன?” என்று மட்டும் கேட்டேன். எழுத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஐ-க்கு ஐவர் படம். ஐந்து பேர் நிற்கிறார்கள். “அஞ்சு பேரு டீச்சர்” என்றார்கள். அப்படியானால் அந்த எழுத்து அ. ஔ-வுக்கு ஔவையார். “ஆயா” என்றார்கள். எங்கள் பக்கம் பாட்டிக்கு ஆயாதான். அப்படியானால் அது ஆ. உ-வுக்கு உரல். இரண்டு பேருக்குத்தான் அது என்ன பொருள் என்றே தெரிந்தது. அவர்களும் ‘ஒரலு’ என்றார்கள். இ-க்கு இலை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே குரலில் “எல!”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தேன். நாம் எல்லோருமே பேசும்போது எல என்றுதான் சொல்கிறோம். இடம் எடம் ஆகிறது, விலை வெலை, உடம்பு ஒடம்பு, உலக்கை ஒலக்கை, குடை கொடை. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், முன்னால் இருக்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் வாயில் மாறிவிடுகிறது. ஊர் ஊராகச் சிறு வேறுபாடு இருக்கலாம், ஆனால் வாய் போகும் போக்கு இதுதான். படித்தவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. எழுத்து மனசில் நிற்பதால், காதில் எல என்று விழுந்தாலும் இலை என்று கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் காது மட்டும்தான் உண்டு. ‘எல’ என்று சொல்லிவிட்டு அதன் முதல் எழுத்து இ என்று நம்பச் சொன்னால், அது எப்படி நம்பும்?

சரி, படங்களை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். குழந்தைகளையே வரையச் சொன்னேன். வாயிலும் ஏட்டிலும் முதல் ஒலி மாறாத சொல்லாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இ-க்கு இட்லி வந்தது. உ-வுக்கு உப்பு. எ-வுக்கு எலி, எறும்பு இரண்டும் போட்டி போட்டு எறும்பு வென்றது, வரைவது சுலபம் என்பதால். ஐ-க்கு ஐஸ். ஔ-வுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் ஔவையாரை அப்படியே வைத்துக்கொண்டு, சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்ற கதையைச் சொன்னேன். இப்போது அது ஆயா இல்லை, ஔவை. எருதுப் பையன் எறும்பை வரைந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு மாட்டையும் வரைந்தான். கீழே ‘மா’ என்று எழுதினான். சரியாகவே எழுதியிருந்தான்.

அதற்கப்புறம் தப்பான விடை வந்தால் உடனே அழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். “எப்படிக் கண்ணு வந்துச்சு?” என்று கேட்பேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை மற்ற இரண்டு வகுப்பும் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை, ஒரே அறையில் பல வகுப்பு எடுப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்பேன்.

கணக்கில் இப்படிக் கேட்கத் தொடங்கியதும் நிறையப் பிடிபட்டது. இருபத்தொன்பது எழுது என்றால் 209 என்று எழுதுவார்கள். எல்லா வருடமும், எல்லா வகுப்பிலும் சிலர். கேட்டால், “இருபது எழுதினேன், அப்புறம் ஒன்பது எழுதினேன்” என்பார்கள். காதில் விழுந்தது அப்படியே தாளில் வந்திருக்கிறது. இதைச் சிவப்பு மையால் அடித்து 29 என்று எழுதிக்கொடுத்தால், நாளைக்கு முப்பத்தைந்து 305 ஆகும். இதற்கு விளக்குமாற்றுக் குச்சியை விட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. ஈர்க்குச்சிகளை ஒரே நீளத்தில் உடைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது. கட்டை எடுத்துக் கையில் வைத்து, “இது எத்தனை?” என்றால் முதல் வாரம் முழுக்க “ஒண்ணு” என்பார்கள். அதுவும் சரிதானே, ஒரு கட்டு! அவிழ்த்து எண்ணுவோம், பத்து. மறுபடி கட்டுவோம், ஒன்று. இந்த அவிழ்ப்பதும் கட்டுவதும் நாற்பது ஐம்பது தடவை நடக்கும். அவசரப்படக் கூடாது. இரண்டு கட்டும் ஒன்பது குச்சியும் கையில் இருக்கும்போது, 209-இல் உள்ள பூச்சியத்துக்கு எங்கே இடம் என்று அவர்களே தேடுவார்கள்.

எண்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். “எண்பத்திப் பத்து” என்று ஒரு குழந்தையாவது சொல்லும். அந்தக் குழந்தையை நான் வகுப்பின் முன்னால் நிறுத்தி எட்டுக் கட்டையும் பத்துக் குச்சியையும் எண்ண வைப்பேன், ஏனென்றால் அதன் விடை முழுக்கச் சரி. பத்துக் குச்சி சேர்ந்தால் இன்னொரு கட்டு, ஒன்பது கட்டு, அதற்குப் பெயர் தொண்ணூறு. ஒரு பெண் என்னிடம், “அதுல நூறு இருக்கா டீச்சர்?” என்று கேட்டாள். பெயரில் நூறு கேட்கிறது, கையில் ஒன்பது கட்டுதான் இருக்கிறது. அவள் சந்தேகப்பட்டது எவ்வளவு நியாயம்! நம் மொழியில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் அடுத்த பெரிய எண்ணின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. பத்தை எட்டும் முன்பே ஒன்பதில் பது வந்துவிடுகிறது. அவள் கேட்கும்வரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

சத்துணவு முட்டையும் எங்களுக்குக் கணக்குப் பாடம்தான். முட்டை அட்டையில் முப்பது குழி. அன்று முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சமையல் அக்கா அட்டையைக் கொண்டுவந்து வைத்ததும், அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “மூணு கட்டு இங்க இருக்கு, இன்னும் எட்டுக் குச்சி வேணும்க்கா” என்றாள். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தை பிறந்தால் எங்கள் ஊரில் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். சிலர் ஜூனுக்கும் பிந்தித்தான் திரும்புவார்கள். அப்படித் திரும்பிய ஒரு பையன் படித்த எழுத்தில் பாதியை மறந்திருந்தான். ஆனால் குச்சிகளைக் கொட்டியதும் இரண்டிரண்டாகத் தள்ளி, “ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து” என்று யாருக்கும் முன்னால் கட்டிவிட்டான். எங்கே கற்றாய் என்று கேட்டேன். கல் எண்ணும்போது அப்பா அப்படித்தான் எண்ணுவார் என்றான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, எண்ணிக்கை தப்பக் கூடாது. அந்த வேகம் எனக்குச் சந்தோஷமாக இல்லை. அது வந்த இடம் அப்படி. ஆனால் அவனை அரும்பு நிலை என்று ஒரு மூலையில் உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. கட்டு கட்டுவதில் அவன்தான் அந்த வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழுத்தை அவர்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இலைக்குத் திரும்ப வருகிறேன். இட்லியில் இ படித்த பிறகும் இலை என்ற சொல்லை விட்டுவிட முடியாதே. புங்கம், வேம்பு, பூவரசு என்று வளாகத்தில் இருந்த இலைகளைப் பொறுக்கி வந்து தாளில் ஒட்டினோம். கீழே எழுதியபோது பாதிப் பேர் ‘எலை’ என்றுதான் எழுதினார்கள். பேசும்போது எல, எழுதும்போது இலை, இரண்டும் நம்முடையதுதான் என்று சொல்லி, வீட்டில் ஐந்து முறை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் ஒரு பையனின் நோட்டில் இகரம் சரியாக இருந்தது. ஆனால் ‘லை’க்கு முன்னால் ஐகாரக் குறி இல்லை. ல-வின் மேல் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி. ஐந்து முறையும், ஒன்று போல. கேட்டேன். “ஆயா சொல்லிக் குடுத்துச்சு” என்றான்.

ஆயா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், 1978-க்கு முன்னால். ணை, லை, ளை, னை, அப்புறம் றா, ணா, னா வரிசைகள் என 13 எழுத்துகளின் பழைய வடிவம் அந்த ஆண்டு வந்த அரசாணையோடுதான் பாடப்புத்தகத்தை விட்டுப் போனது. அவற்றுக்குப் பதிலாக வந்த புது வடிவங்கள், பெரியார் 1935-இலேயே குடிஅரசு இதழில் அச்சடித்துக் காட்டியவை. நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பேனா பிடிக்காத கை, பேரனுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறது. அதில் தப்பு என்று நான் எதை அடிப்பது?

சாயங்காலம் பேரனைக் கூப்பிட வந்தவரை உள்ளே வரச் சொன்னேன். “நான் எழுதுனது தப்பா டீச்சரம்மா?” என்று வாசலிலேயே தயங்கி நின்றார். “தப்பில்லம்மா, நீங்க படிச்ச எழுத்து அது. பிள்ளைங்களுக்கு எழுதிக் காட்டுங்க” என்றேன். கீழ்ப்பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுண்ணக்கட்டியை இறுக்கிப் பிடித்து, தும்பிக்கையோடு எழுதினார். குழந்தைகள் நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். “யானை லை” என்று ஒருத்தி பெயர் வைத்தாள். பேரன் பக்கத்தில் குந்தி, “இப்ப இப்படி ஆயா” என்று அதற்குக் கீழே எழுதத் தொடங்கினான். உதடு ‘எல, எல’ என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, கை இலை என்று எழுதியது.