போர்ட்ரெய்ட் பிராக்டிகல்ல ஃபெயிலாகி ரெண்டாவது தடவ பாஸ் ஆனேன், எப்படி பிராக்டிஸ் பண்ணேன்னு சொல்றேன்

போட்டோகிராபி கோர்ஸ்ல போர்ட்ரெய்ட் பிராக்டிகல் எழுதப்போறவங்களுக்கு உதவும்னு இத எழுதறேன். எங்களுக்கு 40 நிமிஷம், ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸ் (முன்னாடி வெள்ளைத் துணி போட்டு வெளிச்சத்த பரப்பி விடற லைட் பெட்டி), ஒரு ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்த திருப்பி அடிக்கிற தட்டி), முன்னபின்ன பாத்திராத ஒரு மாடல், கடைசியில மூணு படம் குடுக்கணும், அப்புறம் வைவா, அதாவது நேர்ல கேள்வி கேப்பாங்க. மொத தடவ நான் ஃபெயில். கேமரா செட்டிங்ஸ் எல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா எக்ஸாமினர் என் படத்த பாத்துட்டு "மூக்கு நிழல் எங்க விழுது, ஏன் அங்க விழுது?"ன்னு கேட்டாரு, எனக்கு பதில் வரல. எடுக்கும்போது அந்த நிழல நான் கவனிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் ஒரு மாசம் கேமராவ ஓரமா வச்சிட்டேன். ஒரு வெள்ளை பந்து, அதுல களிமண்ண உருட்டி மூக்கு மாதிரி ஒட்டிட்டு, ராத்திரி ரூம் லைட்ட எல்லாம் அணைச்சிட்டு ஒரே ஒரு டேபிள் லாம்ப்ப மட்டும் கையில வச்சு பந்த சுத்தி நகத்திக்கிட்டே இருந்தேன். நேரா முன்னாடி உசரமா வச்சா நிழல் மூக்குக்கு கீழ குட்டியா விழும், அந்த லைட்டிங்குக்கு பேரு பட்டர்ஃபிளை. கொஞ்சம் பக்கவாட்டுல நகத்தினா நிழல் கன்னத்து பக்கம் சாயும், அது லூப். இன்னும் நகத்தினா மூக்கு நிழலும் கன்னத்து நிழலும் ஒண்ணா சேந்து, இருட்டு பக்க கண்ணுக்கு கீழ ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமா நிக்கும். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ரெம்ப்ராண்ட் பேர்ல சொல்றது அதத்தான். அத பந்துல ஓரளவுக்குத்தான் பாக்க முடியும், ஒரு ஆள உக்கார வச்சு பாத்தப்பதான் எனக்கு முழுசா புரிஞ்சுது. முழுசா 90 டிகிரிக்கு போனா பாதி முகம் இருட்டு, ஸ்பிளிட். புக்ல படம் பாத்து இந்த நாலு லைட்டிங்கோட பேரையும் மனப்பாடம் பண்றத விட இப்படி ஒரு மணி நேரம் லாம்ப்ப நகத்திப் பாருங்க, மறக்கவே மறக்காது.

சாஃப்ட்பாக்ஸ் போட்டாலே நிழல் சாஃப்ட்டாயிடும்னு நெனச்சிட்டிருந்தேன், அது தப்பு. மாடல் இருக்க இடத்துலேர்ந்து பாத்தா லைட் எவ்ளோ பெருசா தெரியுதோ அவ்ளோ சாஃப்ட். அதே 60 செ.மீ. பாக்ஸ் 1 மீட்டர்ல இருந்தா நிழலோட ஓரம் கரைஞ்சு போகும், 3 மீட்டருக்கு தள்ளினா சுருக்குன்னு கோடு மாதிரி விழும். அதனால ஃபிரேமுக்குள்ள வராத அளவுக்கு எவ்ளோ கிட்ட கொண்டுவர முடியுமோ அவ்ளோ கிட்ட கொண்டு வாங்க. கிட்ட வச்சா இன்னொரு லாபமும் இருக்கு, வெளிச்சம் சீக்கிரம் குறையறதால பின்னாடி சுவர் தானா இருட்டாயிடும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசிதான், அதாவது 2 ஸ்டாப் போயிடும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாகும்). வைவால இத கேட்டே கேப்பாங்க.

போஸ் விஷயத்துல நான் கத்துக்கிட்டது, வாயால சொல்லாம நாமளே செஞ்சு காட்டணும். "தாடைய முன்னாடி கொண்டு வாங்க"ன்னு சொன்னா எல்லாரும் தலைய மேல தூக்கிடுறாங்க, நானே நின்னு கழுத்த முன்னாடி நீட்டி லேசா கீழ இறக்கி காட்டினா உடனே வந்துடுது. பாக்குறப்ப வேடிக்கையா இருக்கும், ஆனா படத்துல தாடைக் கோடு அழகா வரும். தோள நேரா வைக்காம லைட்டுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் திருப்பி, முகத்த மட்டும் லைட் பக்கம் திருப்ப சொல்லுங்க. கை தெரியுதுன்னா உள்ளங்கைய காட்டாம பக்கவாட்டா வைங்க. ரெண்டாவது தடவ மொத அஞ்சு நிமிஷம் படமே எடுக்கல, சும்மா பேசிக்கிட்டிருந்தேன், அவங்க தோள் இறங்கினதுக்கு அப்புறந்தான் கேமராவ எடுத்தேன். அந்த அஞ்சு நிமிஷம் வீண்னு நெனைக்காதீங்க.

காம்போசிஷன்ல மார்க் போறது பெரும்பாலும் ஓரத்துலதான். மணிக்கட்டு, முழங்கை மாதிரி மூட்டுல வெட்டாதீங்க, அதுக்கு கொஞ்சம் மேலயோ கீழயோ வெட்டுங்க. தலைக்குப் பின்னாடி கதவு ஓரம், கம்பி எதுவும் முளைச்ச மாதிரி இருக்கான்னு பாருங்க, இருந்தா நீங்க ஒரு அடி நகந்தாலே போதும். பார்வை போற பக்கம் இடம் விடுங்க. கண்ணு ஃபிரேமோட மேல் மூணுல ஒரு பங்கு கோட்டுல வந்தா நல்லா இருக்கும், ஆனா அத விட கேமரா பக்கம் இருக்க கண்ணு ஷார்ப்பா இருக்கான்னு பாக்குறது முக்கியம்.

இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. ஃபுல்ஃபிரேம்ல (பெரிய சென்சார் கேமரா) 85 எம்எம் லென்ஸ் எஃப் 1.8ல, அதாவது லென்ஸ் துவாரத்த நல்லா திறந்து வச்சு, 1.5 மீட்டர்ல எடுத்தா ஃபோகஸ் ஆழம், அதாவது ஷார்ப்பா தெரியற பகுதி, மூணு செ.மீ. சொச்சம்தான், முகம் திரும்பியிருந்தா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொண்ணு போச்சு. நான் துவாரத்த சுருக்கி எஃப் 4ல எடுத்தேன். "ஏன் பேக்ரவுண்ட இன்னும் ப்ளர் பண்ணல?"ன்னு வைவால கேட்டாங்க, மாடல சுவர்லேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி நிக்க வச்சேன், அதுலயே வேண்டிய அளவுக்கு ப்ளர் வந்துடுச்சு, ரெண்டு கண்ணும் ஷார்ப்பா வேணும்னு சொன்னேன். அப்புறம் மறுபடியும் மூக்கு நிழல் எங்கன்னு கேட்டாங்க, படத்துல தொட்டே காட்டினேன்.