செவலைக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம்

2023 ஜனவரி 8, ஞாயிறு

ராத்திரி சாப்பாட்டு மேசையில் மூன்று ஸ்டாலியன்களின், அதாவது பொலிகுதிரைகளின், பரம்பரைத் தாள்களை விரித்து வைத்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணுக்குக்கூட நீங்க இவ்வளவு ஜாதகம் பார்க்கலையே" என்றாள். உண்மைதான். பெண்ணுக்குப் பத்துப் பொருத்தத்தோடு விட்டார்கள். செவலைக்கு ஐந்து தலைமுறை, ஒவ்வொரு தாளிலும் 62 பெயர்கள்.

செவலை என்பது எங்கள் பெட்டைக்குதிரைக்கு வீட்டுப் பெயர். ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு வேறு பெயர். 2014இல் பிறந்தவள். கிண்டியிலும் ஊட்டியிலும் 19 முறை ஓடி 4 முறை ஜெயித்தாள். நாலும் 1000 மீட்டரிலிருந்து 1400க்குள். அதற்கு மேல் தூரம் வைத்தால் கடைசி 200 மீட்டரில் நின்றுவிடுவாள். பாதி எனக்கு, பாதி மச்சினனுக்கு. இப்போது பெங்களூருக்கு வெளியே ஒரு பண்ணையில் நிற்கிறாள். 2021இல் ஒரு பெண்குட்டி போட்டாள். போன வருஷம் சினை பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15க்குச் சேர்க்கை சீசன் ஆரம்பம், ஜூன் நடுவோடு முடிந்துவிடும். எந்தத் தேதியில் பிறந்தாலும் ஜனவரி 1 வந்தால் குட்டிக்கு ஒரு வயது கூடிவிடும். ஜூனில் பிறந்த குட்டி பிப்ரவரிக் குட்டியோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பதால் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே அவசரம். கறவை மாட்டுக்குப் போடுவதுபோல ஊசி போட்டும் முடிக்க முடியாது. தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் உலகம் முழுக்க நேரடிச் சேர்க்கைக்குப் பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்வார்கள். மாப்பிள்ளை புனேயில் இருந்தால் பெண்ணை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

2023 ஜனவரி 16, பட்டிப் பொங்கல்

மச்சினன் வந்திருந்தான். கரும்பைக் கடித்துக்கொண்டே, "மாமா, நம்பர் ஒண்ணுக்கே போயிடலாம்" என்றான்.

நம்பர் ஒன்று, காலிலியோ என்ற பெயர்பெற்ற பொலிகுதிரையின் பேரன். ஐரோப்பாவில் 2400 மீட்டரில் ஜெயித்தவன், இந்தியாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டணம் மற்ற இருவரைப்போல இரண்டு மடங்கு. செவலையின் அப்பா டான்ஹில் என்ற இன்னொரு பெரிய பொலிகுதிரையின் வழி. காலிலியோவையும் டான்ஹில் மகளையும் சேர்த்துத்தான் ஃப்ராங்கல் பிறந்தான், 14 ஓட்டத்தில் 14 வெற்றி. இதைச் சொல்லும்போது மச்சினன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

இந்த "ஜோடி ராசி" கணக்கில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். காலிலியோவுக்கு டான்ஹில் மகள்களைக் கணக்கில்லாமல் அனுப்பினார்கள், அதுவும் பொறுக்கியெடுத்த உயர்ந்த பெட்டைகள். நிறைய விதைத்த இடத்தில் நிறைய முளைக்கும்.

அவன் சொன்ன இன்னொன்றில் நியாயம் இருந்தது. "அவனோட குட்டி இன்னும் ஒண்ணுகூட ஓடல மாமா. குட்டிய விக்கணும்னா இந்த நேரம்தான்." அதாவது அந்தப் பெயரில் இதுவரை ஒரு தோல்வியும் பதிவாகவில்லை. புது ஸ்டாலியனுக்கு விலை ஏறுவது இதனால்தான். மூன்று வருஷம் கழித்துக் குட்டிகள் ஓட ஆரம்பித்த பிறகு பாதிப் பேருக்குச் சாயம் வெளுத்துவிடும். ஏலத்தில் பெயருக்குக் கொடுக்கிற விலை எங்கே போய் முடியும் என்பதற்கு கிரீன் மங்கி போதும். 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விலைபோன குட்டி. மூன்று முறை ஓடியது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

விற்கவா, ஓட்டவா என்று நாங்கள் இருவரும் இன்னும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்கு விற்க வேண்டும், எனக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2023 ஜனவரி 22, புனே

நம்பர் ஒன்றைப் பார்த்தாயிற்று.

கொட்டடியிலிருந்து வெளியே கொண்டுவந்தபோது மச்சினன் "அப்பா!" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மினுக்கும் பழுப்பு நிறம், கழுத்தில் கர்வம், பெரிய கண். பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தோம். பிறகு எதிரே நடந்து வரவும் திரும்பி நடந்து போகவும் சொன்னோம். அப்படி நடக்கவிட்டால்தான் குளம்பு எங்கே விழுகிறது, முட்டி எப்படி மடங்குகிறது என்று தெரியும்.

பக்கவாட்டில் நின்றபோது ஒன்று கண்ணில் பட்டது. முன்னங்கால் முட்டி நேர்கோட்டில் இல்லை, கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. வேகமாக ஓடும்போது இந்த மாதிரி முட்டி இன்னும் பின்னால் வளையும். முட்டிக்குள் இருக்கும் சின்ன எலும்புகளின் முன்விளிம்புகள் ஒன்றோடொன்று இடித்துச் சில்லு தெறிக்கும். மேனேஜரிடம் கேட்டேன். "இதோடதான் சார் ஐரோப்பாவுல ஜெயிச்சான்" என்றார். சரி, பொய்யில்லை. ஆனால் பஞ்சு மாதிரியான புல்தரையில் ஓடியவன் அவன்.

மச்சினனிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ரயிலில் யோசித்தேன். சொன்னால் பேச்சு செவலையின் முட்டிக்கு வந்துவிடும்.

2023 ஜனவரி 23

நம்பர் இரண்டு. வேகக் குதிரை, அழகன், இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. குதிரையைப் பராமரிக்கிற சைஸ் ஒருவரின் தோளில் பழைய கடித் தழும்பு. செவலையே பந்தயம் தொடங்குகிற வாயிற்கூண்டில் நுழைய அரைமணி அடம் பிடிப்பாள். இவனோடு சேர்த்தால் பிறப்பது குதிரையாக இருக்காது, தீபாவளி வெடியாக இருக்கும். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

2023 பிப்ரவரி 2, பெங்களூர்ப் பண்ணை

நம்பர் மூன்று இங்கேயே நிற்கிறான், செவலையின் கொட்டடிக்கு நூறு அடி தள்ளி. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்ததாலோ என்னவோ நான் அவனைச் சரியாகப் பார்த்ததே இல்லை. வயது 14. வெளிநாட்டில் 2000 மீட்டரில் ஜெயித்தவன், பெரிய பந்தயம் ஒன்றும் எடுக்கவில்லை. முரட்டுத் தலை, தொங்குகிற காது. கால்கள் மட்டும் தச்சர் குண்டுநூல் பிடித்து வைத்ததுபோல நேர். இவன் குட்டிகளின் பதிவைப் பார்த்தால் நட்சத்திரம் என்று சொல்ல ஒன்றிரண்டுதான். ஆனால் நாலு வயதிலும் ஐந்து வயதிலும் கால் கெடாமல் ஓடிக்கொண்டிருப்பவை ஏராளம்.

அங்கே செவலையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் கிண்டியில் நாற்பது வருஷம் சைஸாக இருந்தவர். குதிரை என்றால் அவருக்கு முதலில் சுழி. எங்கள் தாத்தாவும் அப்படித்தான், சுழி பார்க்காமல் மாடு வாங்க மாட்டார். நான் சிரிப்பதுண்டு. ஆனால் பந்தயக் குதிரையின் பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு சுழியும் எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். ராசிக்காக அல்ல, ஆள் மாறாமல் அடையாளம் காண. பெரியவரிடம் சொன்னால், "பார்த்தீங்களா, வெள்ளைக்காரனும் சுழி பார்க்கிறான்" என்பார்.

இன்று அவரிடம் மூன்று பேரையும் பற்றிச் சொன்னேன். முட்டி விஷயத்தையும் சேர்த்து. அவர் செவலையின் காலைத் தடவிக்கொண்டே, "சார், ஊட்டியில இவ ஓடி முடிச்ச அன்னிக்கெல்லாம் ராத்திரி ரெண்டு முட்டிக்கும் நான்தான ஐஸ் கட்டினேன்" என்றார்.

ஊட்டி மைதானத்தின் தரை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் ஓட்டத்தை நிறுத்தினோம் என்று நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் இடது முட்டியில் சில்லு இருந்தது. படம் என் பீரோவில்தான் இருக்கிறது. அவள் மகள் இப்போது பயிற்சியில் இருக்கிறாள். போன மாதம் ட்ரெயினர் "அம்மா கால் அப்படியே" என்று சொன்னார், பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2023 பிப்ரவரி 5, ஞாயிறு

மும்பையில் இந்தியன் டெர்பி. வீட்டில் டிவி முன்னால் நானும் மச்சினனும். பந்தயம் முடிந்ததும் எக்ஸ்ரே படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். "இது எப்ப எடுத்தது?" என்றான். 2019 என்றேன். அப்புறம் கால் மணி நேரம் பேசவில்லை.

பேச ஆரம்பித்தபோது அவன் கையில் சண்டே சைலன்ஸ் இருந்தான். நல்ல வாதம்தான். பின்னங்கால் கோணல் என்று குட்டியிலேயே விற்காமல் திரும்பி வந்த குதிரை. 1989இல் கென்டக்கி டெர்பி ஜெயித்தும் அமெரிக்கப் பண்ணையாளர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஜப்பான்காரர் ஸென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். ஹொக்கைடோவில் நின்று, 1995லிருந்து 2007 வரை தொடர்ந்து 13 வருஷம் ஜப்பானின் முதலிடத்துப் பொலிகுதிரை. டீப் இம்பாக்ட் அவன் மகன். "கோணல் கால் என்ன பண்ணுச்சு மாமா?"

எங்கள் செவலைக்கே அப்படி ஒரு முன்னோர் உண்டு. அவள் தாயின் தாய் ரஸீனின் மகள். 1990இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் எல்லோரும் பணம் கட்டிய குதிரை ரஸீன், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தான். அவனே இந்தியாவுக்கு வந்து பல வருஷம் முதலிடத்தில் நின்றான். மறுபக்கம் அமெரிக்காவின் செக்ரட்டேரியட். 1973 பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் ஜெயித்தவன். அவனைப் போல ஒரு மகனை எல்லோரும் எதிர்பார்த்தார்கள், கிடைத்ததோ நல்ல மகள்கள். பெரிய பொலிகுதிரைகளான ஸ்டார்ம் கேட்டும் ஏ.பி. இண்டியும் அந்த மகள்களுக்குப் பிறந்த பேரன்கள். ஓட்டப் பதிவை மட்டும் வைத்துப் பொலிகுதிரையின் மதிப்பைச் சொல்லிவிட முடியாது, கால் அமைப்பை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் யோஷிதாவிடம் பெட்டைக்குதிரைகள் ஏராளம். கோணலுக்கு எதிராக நேரான காலைப் பொறுக்கிச் சேர்க்க அவரால் முடியும், பத்து தப்பினால் பதினொன்று இருக்கும். நம்மிடம் ஒருத்திதான். அவளிடம் இருக்கும் அதே குறையை மாப்பிள்ளையிடமும் தெரிந்தே சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் உரக்க.

"இத 2021லயே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

2023 பிப்ரவரி 12

மச்சினன் போன் செய்தான். "மூணாம் நம்பருக்கே விடுங்க. ஆனா குட்டி கறுப்பா வேணும்." மூன்றாம் நம்பரும் செவலை நிறம். இரண்டு செவலைக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது, செவலைதான் வரும் என்றேன். "அதுவும் போச்சா" என்றான். சமாதானம்.

தாளில் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். ஸ்டாலியன் பக்கம் மூன்றாம் தலைமுறையில் சேட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரை, செவலை பக்கம் நாலாம் தலைமுறையில் அவனே. மூன்றுக்கு நாலு என்பார்கள். பண்ணையாளர்கள் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிற நெருக்கம்தான். அதற்கும் மேலே போனால் நார்தர்ன் டான்சர் இரண்டு பக்கமும் பலமுறை. அவன் இல்லாத தாளை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது 25,000 டாலருக்கு வாங்க ஆளில்லாத குள்ளன் அவன். 1980களில் ஒரு சேர்க்கைக்கே பத்து லட்சம் டாலர்வரை போனது.

தூரக் கணக்கு எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டுகிறது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றை வைத்து, குறுந்தூரமா நெடுந்தூரமா என்று ஊகிக்கும் பரிசோதனை 2010இல் அயர்லாந்திலிருந்து வந்தது. செவலைக்கு அது செய்யவில்லை, செய்யாமலே அவள் குறுந்தூரம்தான். அவனோ 2000 மீட்டர்க்காரன். நடுவில் 1600க்கு ஒன்று கிடைத்தால் போதும். டெர்பி பேராசை எனக்கும் இருக்கிறது, எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது.

ஒப்பந்தத்தில் முன்பணம் போக மீதி, குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான்.

2023 பிப்ரவரி 26

டீசர் என்று ஒரு சாதாரண ஆண்குதிரை. பெட்டை பருவத்தில் இருக்கிறாளா என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பார்ப்பதற்கு மட்டும். உதை வாங்குவதும் திட்டு வாங்குவதும் அவன், சேர்க்கைக்கு வருவது இன்னொருவன். பாவப்பட்ட பிழைப்பு. நேற்றுவரை காதை மடக்கி உதைத்தவள் இன்று வாலைத் தூக்கி நின்றாள்.

2023 மார்ச் 1, புதன்

காலை ஸ்கேனில் கருமுட்டைப் பை நன்றாக வளர்ந்திருந்தது. வாலுக்குத் துணி சுற்றி, பின்னங்காலுக்கு மெத்தைச் செருப்பு மாட்டி, மேல் உதட்டில் கயிற்றுப் பிடி போட்டு நிறுத்தினார்கள். முரட்டுத் தலைக்காரன் அவசரமில்லாமல் வந்தான். எல்லாம் இரண்டு நிமிஷம். இதற்குத்தான் இரண்டு மாதம் 62 பெயர்களைப் படித்தேன். பெரியவர் ஸ்டாலியனுக்குக் கொஞ்சம் வெல்லம் கொடுத்தார்.

2023 மார்ச் 16

ஸ்கேன் திரையில் இரண்டு கறுப்பு வட்டம். எனக்கு ஒரு நொடி சந்தோஷம், டாக்டருக்கு இல்லை. குதிரைக்கு இரட்டை ஆகாது. இரண்டுக்கும் கர்ப்பப்பையில் இடம் போதாமல் பெரும்பாலும் இரண்டும் போகும், சில சமயம் தாயும். வட்டங்கள் கர்ப்பப்பையில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஒன்றை விரலால் அழுத்தி உடைத்துவிட வேண்டும். பதினாறு நாளைத் தாண்டினால் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது கஷ்டம். டாக்டர் தோள்வரை கையுறை போட்டுக்கொண்டார். ஒன்றை ஒரு பக்கம் தள்ளி அழுத்தினார். திரையில் ஒன்றுதான் மிச்சம்.

எதைத் தேர்ந்தெடுத்தார், எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். "கைக்கு வாகா எது வந்துச்சோ அது" என்றார்.

2023 மார்ச் 29

இதயத் துடிப்பு தெரிகிறது. அரிசிமணி அளவில் ஒரு மினுக்கல். டாக்டர் ஒரு விநாடி காட்டிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். சேர்க்கைச் சான்றிதழை புனேயிலுள்ள ஸ்டட் புக் (குதிரைப் பரம்பரைப் பதிவேடு) அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். குட்டி பிறந்ததும் டிஎன்ஏ எடுத்து அப்பா அம்மா இவர்கள்தானா என்று சரிபார்ப்பார்கள்.

மச்சினன் போனில், "என்னிக்குப் பிறக்கும் மாமா?" என்றான். பதினோரு மாசம், ஜனவரி கடைசி பிப்ரவரின்னு வச்சுக்கோ என்றேன். வைத்துவிட்டுக் காலண்டரில் 340 நாளை எண்ணினேன். 2024 பிப்ரவரி 4. பிப்ரவரி முதல் ஞாயிறு, டெர்பி நடக்கிற நாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் குட்டி பிறப்பதற்கு முன்னாலேயே மும்பைக்கு டிக்கெட் போட்டுவிடுவான்.