ஐப்பசி மழைக்கு முன் மிளகாய்க்குப் போர்டோ கலவை: செய்து பார்த்த குறிப்புகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கொல்லையில் மிளகாய் வைத்தால் புரட்டாசி வரை செடி செழிப்பாகவே நிற்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் நுனி கருக ஆரம்பிக்கும், பழுத்த காய் செடியிலேயே அழுகும். அதைப் பார்த்தபின் உரக்கடைக்கு ஓடிப் பயனில்லை. இலைமேல் வந்து விழும் பூஞ்சண வித்துகளை முளைக்க விடாமல் தடுப்பதுதான் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்தின் வேலை. உள்ளே இறங்கிவிட்ட பூஞ்சணத்தை அது தொடாது. அதனால் முதல் தெளிப்பு புரட்டாசி முடிவதற்குள், வானம் தெளிந்திருக்கும் நாளில் நடந்துவிட வேண்டும்.

முதலில் நோயை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழுத்த காயில் வட்டமாக உள்வாங்கிய புள்ளி இருந்தால் அதைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். வளையம் வளையமாகக் கறுப்புப் பொட்டுகள், அவற்றில் குத்திட்டு நிற்கும் மெல்லிய கறுப்பு முட்கள் தெரிந்தால் அது நுனிக்கருகலுக்கும் காய் அழுகலுக்கும் காரணமான கொலெட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சணம். ஈரம் மிகுந்த காலையில் புள்ளியின் நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் பசை கசியும். வித்துகள் அதில்தான் இருக்கின்றன. பசையோடு இருப்பதால் அவை காற்றில் பறப்பதைவிட மழைத்துளி தெறித்துத்தான் அதிகம் பரவுகின்றன. எனவே செடியடியில் வைக்கோல் மூடாக்குப் போடுவதும், உதிர்ந்த காயைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் மருந்துக்குச் சமமான வேலைகள். கருகிய நுனியை, பச்சைப் பகுதிக்குள் ஓர் அங்குலம் இறங்கி வெட்டுங்கள். நோய்க்காயிலிருந்து விதை எடுக்கவே கூடாது. பூஞ்சணம் விதையோடு அடுத்த பட்டத்துக்கு வந்துவிடும்.

இனி கலவை. 1885-இல் பிரான்சின் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக வெளியிட்டது. ஒரு சதக் கலவை 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 10 லிட்டர். கொல்லை சிறியதென்றால் இரண்டும் 20 கிராம், தண்ணீர் 2 லிட்டர். இளஞ்செடிக்குத் துத்தம், சுண்ணாம்பு இரண்டையும் பாதியாகக் குறைத்து அரைச் சதமாக அடிப்பதே நல்லது.

கலவை கெடுவது பெரும்பாலும் சுண்ணாம்பில்தான். கட்டியாக இருக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள். ஒரு கட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சீறி, சூடேறி, வெடித்துப் பொடியாக வேண்டும். சும்மா ஊறிக் கிடந்தால் காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு. அதற்குத் துத்தத்தின் புளிப்பை முறிக்கும் சக்தி இருக்காது. நீற்றிய தூள்தான் கிடைக்கிறது என்றால், மூடி முத்திரையிட்ட பொட்டலமாகப் பார்த்து 100 கிராமுக்குப் பதில் 130 கிராம் எடுங்கள். நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி கட்டாயம்.

துத்தத்தைத் துணியில் முடிந்து, 5 லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் மேல்மட்டத்தில் முங்கும்படி முதல்நாள் இரவே தொங்கவிடுங்கள். கரைசல் கனத்துக் கீழே இறங்க இறங்க மேலே நல்ல தண்ணீர் வந்து சேர்ந்து, கிளறாமலே விடியற்காலைக்குள் கரைந்துவிடும். இரும்பு, தகரம், அலுமினியம் எதுவும் வேண்டாம். தாமிரம் அதில் படிந்து போய்விடும். சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் நீற்றி, இன்னொரு வாளியில் 5 லிட்டராக்கி, நன்றாக ஆறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே மூங்கில் குச்சியால் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினாலோ, சூடாக இருக்கும்போதே கலந்தாலோ துகள் பருமனாகி அடியில் தங்கும், இலையில் ஒட்டாது. சரியாக வந்த கலவை வான நீலத்தில், மெதுவாகப் படியும் கூழ்போல் இருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் ஏறியிருந்தால் தனித் தாமிரம் மிச்சம் இருக்கிறது, இலை பொசுங்கும். சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஆணியைத் துடைத்துத் திரும்பப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும். மறுநாள் துகள் திரண்டு ஒட்டும் தன்மை போய்விடும். பனி உலர்ந்தபின் காலையில், இலையின் இரு புறமும் படும்படி அடியுங்கள். மப்பான வானத்தில் அடித்து இலை வெகுநேரம் ஈரமாகவே இருந்தால், நல்ல கலவைகூட ஓரத்தைக் கருக்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் சாதாரண மழைக்குக் கழுவாது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மழையின் இடைவெளி பார்த்து அடிக்கலாம். காயைப் பறித்துவிட்டு அடிப்பதே உத்தமம். மீதியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது, தாமிரம் மீனைக் கொல்லும்.

மண்ணுக்கு வேறு வைத்தியம். நாற்றின் கழுத்து நீர்கோத்துச் சாய்வது பித்தியம் என்ற மண்வாழ் நோய்க்கிருமியின் வேலை, அதற்குக் காரணம் நெருக்கமான விதைப்பும் தேங்கும் நீரும். பாத்தியை 15 செ.மீ. உயர்த்தி, இடைவெளி விட்டு விதைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். விதைக்கு, டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத் தூள் கிலோவுக்கு 4 கிராம்; வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை. பாத்திக்கு, மட்கிய தொழுவுரம் 9 கிலோவும் வேப்பம்பிண்ணாக்கு 1 கிலோவும் கலந்து, டிரைக்கோடெர்மா 100 கிராம் தூவி, பிடித்தால் கட்டி நிற்கும் ஈரத்தில் நிழலில் ஈரச்சாக்கால் மூடி வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு வாரம் போனால் வெண்ணூலும் பச்சைப் பொடியும் படரும். மட்காத பச்சைத் தொழுவுரத்தில் வைத்தால் சூட்டில் செத்துப்போகும். தாமிரம் இதற்கும் எமன், ஆகையால் இதைப் போட்ட மண்ணில் 15 நாளாவது தாமிரக் கரைசல் ஊற்றாதீர்கள். இலைக்கு அடிக்கும்போதும் மூடாக்கின்மேல் ஒரு சாக்கை விரித்துவிடலாம்.

மழை ஓய்ந்து தை பிறந்தால் சாம்பல் நோய் வரும். மற்ற நோய்களைப்போல் அல்லாமல், இதற்கு இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. மிளகாயில் இலையின் அடியில் வெள்ளைப் பூச்சாகவும் மேலே மஞ்சள் திட்டாகவும் தெரியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், காலையில். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் மூன்று வாரம் போகட்டும். பூசணி, பாகல் இலைகள் கந்தகம் தாங்காது. அவற்றுக்கு ஒரு பங்கு பாலுடன் ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, வெயில் படும் நேரத்தில்.