கணுக்கால் பிரண்டால் எங்கே அமத்திப் பார்ப்பது

கோயில் வீதியில் பந்தடிக்கும் பிள்ளைகளுக்குப் பாதம் பெரும்பாலும் உட்பக்கமாகத்தான் பிரளும். கணைக்கால் வெளியென்பின் மொளி (கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனை) உட்பக்கத்து உள்மொளியைவிடக் கீழிறங்கி நிற்பதால், பாதம் வெளிப்பக்கம் மடியாமல் தடுக்கும். பிரண்டதும் முதலில் கிழிவது வெளிமொளியின் முன்னால், பாதத்து எலும்போடு கட்டும் சின்ன நார். அந்த இடம் முட்டைபோல வீங்கும்.

வீக்கத்தை வைத்து முறிவைத் தீர்மானிக்காதீர்கள். இரண்டு மொளிகளின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து 6 செ.மீ. மேல்வரை விரலால் அமத்துங்கள். பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் துருத்தும் எலும்பையும், உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பையும் அமத்துங்கள். எலும்பிலேயே நொந்தால், அல்லது 4 அடி எடுத்துவைத்து நடக்க ஏலாவிட்டால், எக்ஸ்ரே கட்டாயம்.

எண்ணெய் போட்டு உருவுவதை முதல் 2 நாளும் தயவுசெய்து விடுங்கள். கிழிந்த நாரில் இரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், ஒருமுறைக்கு 15 நிமிடம் போதும்.