காஸ்ப்ளே ஹெல்மெட்டின் உட்புறம்: திண்டு, பட்டை, காற்று

காஸ்ப்ளேவுக்காக, அதாவது கதாபாத்திர வேடம் போடுவதற்காக, வீட்டில் செய்யும் ஹெல்மெட் பெரும்பாலும் பெயின்ட் காய்ந்த அன்றே முடிந்துவிட்டதாக நினைக்கப்படுகிறது. உள்ளே நாலு துண்டு ஸ்பாஞ்சை ஒட்டிக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள். அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கும், முகத்துக்கு முன்னால் உள்ள வைசர் தகட்டில் ஆவி படியும், தலையைத் திருப்பினால் முகம் மட்டும் திரும்பி ஹெல்மெட் அப்படியே நிற்கும். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்று தலையில் இல்லாமல் கக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உட்புற வேலைக்கு ஒரு வார இறுதி போதும். 3டி பிரிண்டரில் அச்சிட்ட, முகத்தை முழுவதும் மூடும் விண்வெளி வீரர் பாணி ஹெல்மெட்டை வைத்துச் சொல்கிறேன். ஈ.வி.ஏ. எனப்படும் ரப்பர் போன்ற ஃபோமிலோ ஃபைபர் கிளாஸிலோ செய்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் இடைவெளியை அளக்க வேண்டும். புருவத்துக்கு ஒரு விரல் மேலாக, பின்மண்டையின் மேட்டைத் தொட்டு இஞ்ச் டேப்பைச் சுற்றினால் தலையின் சுற்றளவு கிடைக்கும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். அதே உயரத்தில் ஹெல்மெட்டின் உட்சுவரையொட்டி ஒரு நூலை மாஸ்கிங் டேப்பால் ஆங்காங்கே பிடித்துக்கொண்டே சுற்றி, பிறகு பிரித்து நீட்டி அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 6.28 ஆல் வகுத்தால் சுற்றிலும் இருக்கும் சராசரி இடைவெளி வந்துவிடும். ஹெல்மெட் 70, தலை 57 என்றால் வித்தியாசம் 13. வகுத்தால் ஏறக்குறைய 2 செ.மீ.

இது சராசரிதான். தலை வட்டமாக இருப்பதில்லை. முன்பின்னாக நீண்டு, பக்கவாட்டில் குறுகியிருக்கும். ஹெல்மெட்டோ பெரும்பாலும் வட்டத்துக்கு நெருக்கமாக வடிவமைக்கப்படுகிறது. அதனால் முன்னும் பின்னும் 1 செ.மீ.தான் மிஞ்சும், பக்கங்களில் 3 செ.மீ. கூட வரும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டுபவர்களுக்கு நெற்றி வலிப்பதற்கும் காதோரம் ஆடுவதற்கும் காரணம் இதுதான். சராசரியே 1 செ.மீ.க்குக் கீழே வந்தால் திண்டு வைத்துச் சமாளிக்க முடியாது. இன்னும் அச்சிடாதவர்கள் அளவை 3 முதல் 5 சதவீதம் கூட்டி அச்சிடுவது நல்லது.

திண்டு ஒட்டும் முன் உட்சுவரைத் தயார் செய்யுங்கள். அச்சிடும்போது தாங்கலாக வரும் சப்போர்ட்டைப் பிய்த்த இடங்களில் நிற்கும் முட்கள் தோலைக் கிழிக்கும். 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கவும். பிறகு உள்முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை. உட்சுவர் வெளிர் நிறமாக இருந்தால் அதன் பிம்பம் வைசரின் உட்பக்கத்தில் விழுந்து, எதிரே இருப்பதை மறைக்கும். அதே வெளிச்சத்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் முகமும் தெரியும். திரவ ரெசினில் அச்சிட்டதாக இருந்தால் கழுவி, யூ.வி. வெளிச்சத்தில் முழுமையாக இறுக வைத்த பிறகே தோலுக்கு அருகில் கொண்டு போகலாம். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

தலையைத் தாங்கும் இடங்கள் ஐந்துதான்: உச்சந்தலை, பின்மண்டை, நெற்றி, இரண்டு கன்னங்கள். மற்ற இடமெல்லாம் காற்றுக்கு. உள்ளே முழுவதும் மெத்தை அடைத்தால் முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், அதன்பின் வெந்துபோகும். காதின் மேல் எதுவும் படக்கூடாது. காது மடல் மடங்கி அழுந்தினால் வரும் வலி நெற்றி வலியைவிட மோசம். பக்கத்தில் பேசுவதும் கேட்காது.

வேலையை உச்சந்தலையிலிருந்து தொடங்க வேண்டும். கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அந்தத் திண்டுதான் தீர்மானிக்கிறது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வைசரின் நடுக்கோடு கண்மட்டத்துக்கு வரும்வரை துணியை மடித்து உச்சியில் வைத்துப் பாருங்கள். அந்த மடிப்பின் தடிமன்தான் உங்களுக்குத் தேவையான திண்டின் தடிமன். நடுவில் ஒரே வட்டத் திண்டாக வைத்தால் மொத்த எடையும் உச்சியில் ஒரு புள்ளியில் இறங்கும். நடுக்கோட்டுக்கு இருபுறமும் 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் வைத்து, இடையில் 3 செ.மீ. வாய்க்கால் விடுங்கள். எடையும் பரவும், சூடான காற்றும் பின்பக்கம் போக வழி கிடைக்கும்.

அடுத்து பின்மண்டை. திண்டு அந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே போய் உட்கார வேண்டும். ஹெல்மெட் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நெற்றித் திண்டை எவ்வளவு மெலிதாக வைக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக வைத்து, மீதி இடைவெளியைப் பின்னால் நிரப்புங்கள். கண் வைசருக்கு நெருங்க நெருங்கப் பார்வை விரியும், காலடியும் தெரியும். மூக்கு நுனிக்கும் உட்சுவருக்கும் இடையே 2 செ.மீ. மட்டும் இருக்கட்டும். கன்னத் திண்டுகள் லேசாகத் தொட்டால் போதும்; பேச வாய் திறக்கும்போது தாடை அசைய வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் நெற்றிப்பொட்டின் அருகே எந்தத் திண்டும் வராமல் 12 மி.மீ. அகலப் பாதை விட்டால் கண்ணாடிக் கால்கள் அழுந்தாது.

எதையும் முதலில் ஒட்டாதீர்கள். மாஸ்கிங் டேப்பில் நிறுத்தி, 20 நிமிடம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து, குனிந்து, திரும்பிப் பாருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பார்க்கவும். சிவப்புத் தடம் பட்டையாகப் பரவியிருந்தால் சரி. காசு அளவில் ஒரே இடத்தில் பதிந்திருந்தால் அங்கே அழுத்தம் கூடியிருக்கிறது. அப்போது திண்டின் முகப்பக்கத்தைச் செதுக்காமல், சுவரை ஒட்டும் பின்பக்கத்தில் சீவ வேண்டும். முகப்பக்கத்தில் குழி விழுந்தால் அதன் ஓரங்கள் புதிய அழுத்தப் புள்ளிகளாகிவிடும்.

பொருள் விஷயத்தில் என் பரிந்துரை இரண்டடுக்கு. சுவர்ப்பக்கம் 6 முதல் 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம், அது எளிதில் அமுங்காது, வியர்வையை உறிஞ்சாது, இடைவெளியை நிரப்பும் வேலையை மட்டும் செய்யும். அதன்மேல் 10 மி.மீ. குஷன் ஸ்பாஞ்ச், தலை உணர்வது இதைத்தான். பைக் சீட் கவர் தைக்கும் கடைகளில் இரண்டும் வெட்டுத் துண்டாகவே கிடைக்கும். ஸ்பாஞ்ச் மட்டும் வைத்தால் ஹெல்மெட்டின் எடையால் பாதித் தடிமன்வரை அமுங்கி, காலையில் சரியாக இருந்த கண்மட்டம் மதியத்துக்குள் இறங்கிவிடும். பொருட்களைப் பொதிந்து வரும் வெள்ளை இ.பி.இ. ஷீட் சீக்கிரம் தட்டையாகிவிடும். தெர்மோகோல் நொறுங்கும், ரப்பர் சொல்யூஷன் பட்டால் கரைந்தும் போகும். மெமரி ஃபோம் கையில் எடுக்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் வெப்பத்தைத் தேக்கிவைக்கும், சூட்டில் இளகிக்கொண்டே போகும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்.

இரண்டடுக்கையும் சேர்க்க ஃபெவிகால் எஸ்.ஆர். வகை ரப்பர் பசை நல்லது. இரு பக்கமும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை 10, 15 நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஸ்பாஞ்ச் பசையைக் குடித்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் இரண்டு பூச்சு. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பலருக்கு ஓரம் பிரிகிறது. பசையின் ஆவி மூடிய ஹெல்மெட்டுக்குள் தலைசுற்றலை உண்டாக்கும். ஒட்டிய திண்டுகளைக் குறைந்தது ஒரு நாள் காற்றாட வைத்த பிறகே போட்டுப் பார்க்கவும்.

திண்டுக்கு உறை தைப்பது அவசியம். விளையாட்டு ஜெர்சியின் வலைத்துணி பொருத்தமானது. ரெக்சின் வேண்டவே வேண்டாம், வியர்வை வழிய இடமில்லாமல் வழுக்கும். உறையின் பின்பக்கம் வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தைத் தைத்து, சொரசொரப்பான பக்கத்தை ஹெல்மெட் சுவரில் ஒட்டுங்கள். மாற்றிச் செய்தால் திண்டைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் சொரசொரப்பு துணியையும் முடியையும் பிடித்து இழுக்கும். வெல்க்ரோவோடு வரும் ஸ்டிக்கர் பசை பிரிண்டின் வரிகள்மேல் முழுதாகப் பதியாது, சூட்டில் நழுவும். உப்புத்தாள் போட்ட இடத்தில் எபாக்சி தடவி ஒட்டுவதே நிலைக்கும். பசைத் துப்பாக்கியின் குச்சிப் பசையை நம்பாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகும். 3டி பிரிண்டரில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கே ஏறக்குறைய 60 டிகிரியில் வளையத் தொடங்கிவிடும். ஹெல்மெட்டைக் காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

இடைவெளி சுற்றிலும் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் வேறு வழி இருக்கிறது: கட்டட வேலை ஹெல்மெட்டின் உள்பட்டை. பின்னால் குமிழைத் திருகி இறுக்கும் வகை ஹார்டுவேர் கடைகளில் தனியாகவும் கிடைக்கிறது. நான்கு அல்லது ஆறு கொக்கிகளைச் சிறிய எல் வடிவத் தகடுகளில் எம்4 (4 மி.மீ.) போல்ட்டால் பொருத்தினால் ஹெல்மெட் தலையைத் தொடாமல் மிதக்கும், நாற்புறமும் காற்று ஓடும். பெரிய உருண்டை ஹெல்மெட்டுகளுக்கு இதற்கு நிகரே இல்லை. பின்குமிழுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆனால் இந்தப் பட்டை போட்டதால் அது பாதுகாப்பு ஹெல்மெட் ஆகிவிடாது. பைக்கில் போகும்போது இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கான ஐ.எஸ். 4151 தர முத்திரையுள்ளதைத்தான் போட வேண்டும்.

தாடைப் பட்டைக்கு 20 மி.மீ. நைலான் நாடாவும், இரு பக்கமும் அழுத்தினால் விடுபடும் பிளாஸ்டிக் பக்கிளும் போதும். ஒவ்வொரு பக்கமும் காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடத்தில் பிடித்து வி வடிவத்தில் இறக்குங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் ஹெல்மெட் அந்த அச்சில் முன்னும் பின்னும் ஆடும். போல்ட் தலைக்குக் கீழே அகலமான வாஷர் போடாவிட்டால் பிரிண்ட் அந்தத் துளையிலிருந்தே விரியும். முகப்பு கனமான ஹெல்மெட் முன்னால் இழுத்தால், பின்பக்க அடி ஓரத்தில் இரும்பு வாஷர்களை ஒட்டிச் சமன் செய்யலாம். முன்னும் பின்னுமாகக் காந்தத்தில் பிரியும் ஹெல்மெட் என்றால் எந்தத் திண்டும் இணைப்பைத் தாண்டக் கூடாது, 5 மி.மீ. தள்ளியே நிற்கட்டும்.

இனி காற்று. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் காமிக் கான் நடந்ததிலிருந்து இங்கே ஹெல்மெட் செய்பவர்கள் கூடியிருக்கிறார்கள். விசிறி பொருத்துபவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆனால் பல ஹெல்மெட்டுகளில் விசிறி உள்ளேயே இருக்கும் வெந்த காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. வெளிக்காற்று நுழைய ஒரு துளையும், வெளியேற இன்னொரு துளையும் இல்லாமல் விசிறியால் பயனில்லை. தாடைப் பகுதியின் அலங்காரத் துளைகளுக்குப் பின்னால் உள்ளிழுக்கும் விசிறி, உச்சிக்குப் பின்னால் வெளியேறும் துளைகள் என்பது பெரும்பாலான வடிவங்களுக்கு ஒத்துவரும். கழுத்துப் பக்கத்தைத் துணியால் இறுக்கி மூடாதீர்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும்.

சுவரில் நேராகப் பதிக்க 40 மி.மீ. விசிறி, குறுகலான குழாய் வழியே காற்றைத் தள்ள 3டி பிரிண்டர்களில் வரும் 5015 (50 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன்) புளோயர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: ஒரே உருவத்தில் 5, 12, 24 வோல்ட் மூன்றும் இருக்கும், 24 வோல்ட் புளோயர் பவர் பேங்கில் ஓடாது. சதுர விசிறியில் அம்புக்குறி இல்லையென்றால், லேபிளும் தாங்கு கைகளும் உள்ள பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். விசிறியை இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில் உட்காரவைத்தால் அதிர்வு மண்டைக்கு ஏறாது. முடி சிக்காமல் இருக்க வலை போடவும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறி அரை நிமிடத்தில் தானே நின்றால் அது பழுதில்லை. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், ஏதும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். ஒரு சிறிய விசிறி 0.1 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். இரண்டு விசிறிகளை இணையாகப் பொருத்துவது ஒரு தீர்வு; இயர்போனுக்கான குறைந்த மின்னோட்ட வசதியுள்ள பவர் பேங்க் வாங்குவது இன்னொன்று. பவர் பேங்கை இடுப்பில் வைத்து, இழுத்தால் கழன்றுவிடும் இணைப்போடு ஒயரை முதுகுப்பக்கம் கொண்டு செல்லுங்கள். லித்தியம் பேட்டரி தலையோடு ஒட்டியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆவி படிவது ஏ.சி. அரங்கில்தான் அதிகம், வைசர் குளிர்ந்திருக்கும், மூச்சு ஈரமாக இருக்கும். மூக்குக்கு மேலே 3 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோமில் ஒரு மடல் வெட்டி வைத்து மூச்சைக் கீழே திருப்பிவிடுவதே முதல் தடுப்பு. விசிறிக் காற்று வைசரின் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி வழியட்டும். கண்ணில் நேராக அடித்தால் கண் காய்ந்து எரியும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை உட்பக்கம் தடவி, மைக்ரோஃபைபர் துணியால் பளிச்சென்று தெரியும்வரை துடைத்தால் சில மணி நேரம் தாங்கும். நிறப் படலம் ஒட்டிய வைசரில் ஆல்கஹாலோ கண்ணாடி கிளீனரோ படவேண்டாம்.

தலைக்கு மெல்லிய லைக்ரா குல்லா போட்டுக்கொண்டால் வியர்வையின் பெரும்பகுதி திண்டுக்குப் போகாது. இரண்டு வைத்திருந்து மதியம் மாற்றலாம். நிகழ்ச்சி முடிந்த இரவே திண்டுகளைக் கழற்றி, உறையைச் சோப்பு நீரில் அலசி, ஸ்பாஞ்சை மின்விசிறிக்குக் கீழே நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடிவைத்தால் வரும் நாற்றம் அதன்பின் எத்தனை முறை கழுவினாலும் போகாது. அந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி வைக்க வேண்டியதுதான்.