துடுப்பில் ஒரு அண்டங்காக்கை

கண்ணாடிக்குப் பின்னால், கிட்டத்தட்ட என் உயரத்துக்கு ஒரு துடுப்பு. மஞ்சள் சிடார் மரம். முனை இலை மாதிரி கூராக முடிகிறது.

அலாஸ்காவில், ஜூனோவில் இருக்கிறேன். இந்தப் பகுதியின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்கள் செதுக்கியது.

அண்டங்காக்கையின் கறுப்புக் கோடு பருத்தும் மெலிந்தும் ஓடுகிறது. கண்ணருகே சாயம் உரிந்து, உளி போன தடம் தெரிகிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்தில் சால்மன் மீன் முட்டையை வாயில் மென்று, அதில்தான் சாயம் குழைப்பார்களாம்.

அந்த அண்டங்காக்கைச் சின்னம் வெறும் அலங்காரம் இல்லை. தாய்வழியில் வரும் குலச்சொத்து. மற்ற குலத்தார் கேட்காமல் வரையக் கூடாது.

இன்றும் படகில் வருகிறவர்கள் கரையருகே துடுப்பை நிமிர்த்திப் பிடித்து, இறங்க அனுமதி கேட்கிறார்கள். சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம். அவ்வளவு மரியாதை, ஒரு மரத்துண்டில்!

அப்படிப் படகுகள் வந்து சேரும் திருவிழா 1982-இல் இங்கே தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அடுத்தமுறை கரையில் நின்று பார்க்க வேண்டும்.